கண்ணாடி மணி அச்சு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுடரில் கண்ணாடியை உருக்கி, கம்பியில் சுற்றி மணி செய்யும் கைத்தொழிலைக் கற்றுக்கொள்ள என்னிடம் வருவோரில் பலர், உருண்டை மணியே கைக்குப் பழகாத நிலையில், இணையத்தில் கண்ட வடிவங்களுக்கெல்லாம் இளகிய கண்ணாடியை இரு பாதிகளுக்கிடையே அழுத்தி வடிவம் தரும் அச்சுகளை நான்கைந்து வாங்கிக் குவித்துவிடுகின்றனர். அவர்களது பணம் வீணாகக் கூடாது என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

அச்சில் முதலில் பார்க்க வேண்டியவை, அது எந்தப் பொருளால் ஆனது என்பதும் கம்பி அமரும் பள்ளமும். பித்தளை சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் மணியின் மேல் சுருக்கம் போன்ற தடங்கள் விழும். மீண்டும் சுடரில் காட்டினால் அவை மறைந்துவிடும். கிராஃபைட்டில் தடம் குறைவு என்றாலும், கைதவறி விழுந்தால் அதன் விளிம்பு உடையும். அன்றாடம் வேலை செய்வோருக்குப் பித்தளையே ஏற்றது என்பது என் கருத்து.

பள்ளத்தின் அளவைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. 2.4 மி.மீ. கம்பிக்கென வெட்டிய பள்ளத்தில் 1.6 மி.மீ. கம்பியை வைத்தால் அது ஆடும். துளை ஒருபக்கம் ஒதுங்கிய மணி, மாலையில் கோத்தால் சாய்ந்தே நிற்கும். மாறாக, பள்ளம் மிக இறுக்கமாக இருந்தால் கம்பியின் மேலுள்ள களிமண் பூச்சு உதிர்ந்து, மணி கம்பியை விட்டுக் கழலாது. ஆகவே எண்ணெய் தொட்டுக் கெட்டியாகப் பிசைந்த மைதா மாவைத் தம் கம்பியில் சுற்றி அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. இரு பாதிகளும் நேராகப் பொருந்தாவிட்டால் மாவின் ஓரத்தில் படி தெரியும். குழிவுக்குள் நகத்தில் தட்டுப்படும் எந்தக் கோடும் கண்ணாடியிலும் பதியும்.

கண்ணாடியின் அளவும் முக்கியம். குறைந்தால் துளையின் வாய் கூர்மையாக நின்று நூலை அறுக்கும். மிகுந்தால் விளிம்பில் பிதுங்கும். நன்றாக வந்த ஒரு மணியை நகைத் தராசில் நிறுத்து, அதே எடையில் கண்ணாடித் துண்டுகளை முன்கூட்டியே நறுக்கி வைத்துக்கொள்ளலாம். தட்டையான மணியின் மெல்லிய ஓரம் முதலில் ஆறி விரிசல் விடக்கூடும் என்பதால், அதைச் சூளையில் மெதுவாக ஆற்றுவது கட்டாயம். இரண்டாவது அச்சுக்கான பணம் சூளைக்கே போகட்டும்.

வெளிநாட்டு அச்சுக்கு அனுப்புக் கட்டணமும் சுங்க வரியும் சேர்கின்றன. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் பித்தளையைக் கடைந்து மெருகேற்றத் தெரிந்த பட்டறைகள் இருக்க, கம்பியையும் வரைபடத்தையும் கொடுத்து அங்கேயே செய்துகொள்ளலாம். நகரில் கைவினைப் பயிற்சி அளிக்கும் நிறுவனங்கள் சில அச்சுகளைப் பொதுவில் வைத்து, பயில்வோர் வாங்குவதற்கு முன் அழுத்திப் பார்க்க வழிசெய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடி மணி செய்யும் வாசகி,
பெரம்பூர், சென்னை