தறியை நிறுத்திப் பாட்டுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள சேலம் அம்மாபேட்டை மக்களுக்கு வணக்கம்.

நம் தெருவில் ஞாயிறு மாலை கூடிப் பாடத் தொடங்கி இந்த ஆடியோடு ஒரு வருடம் ஆகிறது. இதற்குக் கைகொடுத்தவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி விசைத்தறிப் பட்டறைக்காரர்களுக்கு. தறி ஓடும் தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, பாட்டு எங்கே கேட்கும்? தயங்கித் தயங்கித்தான் கேட்டோம். "சரி, ஆறிலிருந்து ஏழு வரை நிறுத்திக்கிறோம்" என்றீர்கள். ஓடாத தறிக்குக் கூலி கிடையாது என்பது ஊரறிந்தது. அப்படியும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்தே கூலி கொடுத்தவர்கள் உங்களில் உண்டு. தறி நின்ற பிறகும் காதுக்குள் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடும். அது அடங்கும்வரை சுருதிப் பெட்டியை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம்.

பாட்டு டீச்சரம்மா, குரல் சரியில்லை என்று நீங்கள் யாரையும் ஒதுக்கவில்லை. எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தீர்கள். சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்குவதாகச் சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று 2013-இல் சொன்னது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து விடுவதுதான் காரணமாம். பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த இரண்டு வீட்டார் இப்போது ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாடுகிறார்கள். எனக்கு இதுவே பெரிது.

பேச்சுப் பயிற்சி படித்த நம் தெருப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது? பக்கவாதம் வந்து பேச்சுப் போன நெசவாளர் பெரியவரை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை வராமல் தவிப்பார். பூச்சாட்டு சமயத்தில் மாரியம்மன் பாட்டை எடுத்தோம். இரண்டாவது அடியில் அவர் குரலும் சேர்ந்தது. சொல் பிசகாமல் முழு அடியும் பாடினார். அவர் வீட்டம்மா தாளத்தை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்து வேலை, பழகிய பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கும் என்று அந்தப் பெண்தான் விளக்கினாள். ராகம் போட்டுப் பேச வைக்கும் பயிற்சியை அமெரிக்காவில் 1973-லேயே உருவாக்கிவிட்டார்களாம். எல்லோருக்கும் பலன் ஒரே மாதிரி இருக்காது, விடாமல் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். காசு வாங்காமல் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியவர் இப்போது இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு, "காப்பி வேணும்" என்று இழுத்துப் பாடியே கேட்கிறார்.

அப்புறம், மண்டபத்தை வாடகையின்றித் திறந்துவிட்ட கோயில்காரர்கள், முடியாதவர்களை ஏற்றி இறக்கும் ஆட்டோ தம்பிகள், டோலக்குக்குத் தோல் மாற்றித் தந்தவர், வாராவாரம் சுக்குக் காப்பி போடும் மகளிர் குழு அக்காக்கள், உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை ஊர்வலம் முடிந்த அடுத்த ஞாயிறு மறுபடி கூடுகிறோம். பாடத் தெரியாதவர்களும் வாருங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஜால்ரா, கஞ்சிரா இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
ஞாயிறு பாட்டுக்குக் கூடுகிறவர்கள்