நிலாவெளிச் சுழியோடிகளுக்கும் படகோட்டி அண்ணன்மாருக்கும்

நுவரெலியா

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தாதி அக்காவுக்கும்,

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் மலையகத்துப் பிள்ளைகள் வேன் பிடித்துத் திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்காகத் கடலில் ஏதும் கொட்டினால் என்ன செய்வது என்று தோட்ட முதலுதவிக் குழு எழுதிய துண்டுப்பிரசுரத்தை வரிக்கு வரி திருத்தித் தந்தீர்கள். மிக்க நன்றி.

குளவி கொட்டினால் ஐஸ் வைத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. திருக்கை, கல்மீன் முள்ளுக்கும் அதையே எழுதிவிட்டோம். வலி இறங்க வேண்டுமானால் சுடுநீர்தான் என்று திருத்தினீர்கள்: 45 பாகைக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம். வலியில் இருப்பவருக்குச் சூடு பிடிபடாது. உதவுகிறவரே முதலில் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

படகோட்டி அண்ணன் பிடித்த பிழை பெரியது. கொதிநீர் ஒரு பங்கு, பச்சைத்தண்ணீர் இரண்டு பங்கு என்பது எங்கள் அளவு. இங்கே குழாய்த்தண்ணீர் 18 பாகை, தண்ணீர் கொதிப்பதும் 94 பாகையில். கலந்தால் 43 வரும். கரையில் 28 பாகைத் தண்ணீரோடு அதே கணக்கில் கலந்தால் 52, தோல் வெந்துவிடும். இப்போது ‘ஒன்றுக்கு மூன்று, ஊற்றியபின் வெப்பமானி’ என்று மாற்றிவிட்டோம்.

தாதி அக்கா, சொறிமுட்டை (ஜெலிமீன்) பகுதி முழுதும் உங்களுடையது. நல்லதண்ணீர் பட்டால் தோலில் ஒட்டிய வெடிக்காத நச்சுப்பைகளும் வெடிக்கும். கடல்நீரால்தான் கழுவ வேண்டும். மணலோ துவாயோ போட்டுத் தேய்க்கக் கூடாது, இழைகளைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். பெட்டிச் சொறிமுட்டை என்றால் வினாகிரியை 30 வினாடியாவது விடாமல் ஊற்ற வேண்டும்; நீலக் காற்றுப்பையோடு மிதப்பதற்கு வினாகிரி வேண்டாம். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ முதலுதவியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு. (சிறுநீர் வைத்தியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் நீங்கள் எழுதியதை மட்டும் அச்சில் போடவில்லை.)

சுழியோடி அண்ணன்மாரே, கொட்டுக் காயத்தை விட ஆபத்து கொட்டுப்பட்டவர் பதறி மேலே பாய்வது என்றீர்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாமல், 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து, மூச்சை அடக்காமல் வர வேண்டும். மேலே வந்தபின் மூட்டு வலியோ விறைப்போ இருந்தால் கொட்டின்மேல் பழி போடாமல், இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்றே நீங்கள் சேர்த்த வரிக்குத் தனி நன்றி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். சிலிண்டர் கட்டி இறங்கியவர் அன்றிரவே வேனில் மலையேறுவது விமானம் ஏறுவதற்குச் சமம்; உயரத்தில் காற்றழுத்தம் குறைய, அதே குமிழி கட்டலாம். ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரம் கரையிலேயே தங்க வேண்டும். பிள்ளைகள் இதைப் படிப்பார்களோ என்னவோ, புறப்படும் நேரம் சாரதிமார் கையில்தான் இருக்கிறது. அதனால் அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் தனித்தாளாக அடித்து அவர்களிடம் கொடுக்கிறோம்.

அன்புடன்,
தோட்ட முதலுதவிக் குழுவினர்