பீட் பாசல்த்வெயிட்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஆங்கிலக் குணச்சித்திர நடிகர்கள் பற்றிய கட்டுரையில் பீட் பாசல்த்வெயிட்டின் பெயரே இல்லாதது வருத்தம் தந்தது. 1946இல் வாரிங்டனில் பிறந்து, லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கில் தேறி வந்தவர். ஒட்டிய கன்னம், துருத்திய கன்ன எலும்பு. கதாநாயகனுக்கான முகவெட்டு கிடையாது.

'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' (1993) படத்தில், செய்யாத குற்றத்துக்கு மகனோடு சிறைப்படும் தந்தை ஜூசெப்பே கான்லனாக வந்தார். குரலை உயர்த்தாமலே மனதைப் பிசைந்துவிடுவார். அந்தத் தந்தை இறந்ததும் கைதிகள் ஜன்னல்கள் வழியே எரியும் காகிதங்களைப் பறக்கவிடுவார்கள். அவர் திரையில் இல்லாதபோதும் நாம் கலங்குகிறோமே, அதுதான் நடிப்பு. ஆஸ்கர் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை.

மறு ஆண்டே 'ஷார்ப்' தொலைக்காட்சித் தொடரில் ஹேக்ஸ்வில்! தொப்பிக்குள் வைத்திருக்கும் அம்மாவின் படத்தோடு பேசிக்கொண்டே கொடுமை செய்பவன். இரண்டும் ஒரே ஆள் என்றால் நம்ப முடியாது. 'பிராஸ்ட் ஆஃப்' (1996) படத்தில் சுரங்கத் தொழிலாளர் இசைக்குழுவை நடத்துபவர்; போட்டியில் வென்ற கோப்பையை வேண்டாமென்று சொல்லி, சுரங்கங்களை மூடிய அரசைச் சாடும் அந்த மேடைப் பேச்சு ஒன்று போதும்.

புகழ் வந்த பிறகும் 2008இல் எவ்ரிமேனுக்கே திரும்பி ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடித்தார். 2011 ஜனவரியில் மறைந்தார். அவருடைய மேடை, தொலைக்காட்சிப் பணிகளையும் சேர்த்துத் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

- வாசகர், தஞ்சாவூர்