பனியிலிருந்து நம்மைக் கழிக்க ஒரு கணக்கு வேண்டும்: அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்டார்டிக் உடன்படிக்கையின் ஆலோசனைத் தரப்பு நாடுகளுக்கும் அவற்றின் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழுவுக்கும்,

வணக்கம். தண்ணீரில் மிக நுண்ணிய அளவில் கரைந்திருக்கும் உலோகங்களை அளப்பது என் தொழில். அண்டார்டிகாவில் நான் கால் வைத்ததில்லை. அங்கே விழும் பனியின் வேதியியல் பற்றி வெளிவரும் ஆய்வுகளை மட்டும் விடாமல் படித்து வருகிறேன். அந்தப் பனியைக் காக்கும் பொறுப்பு உங்கள் கையில் இருப்பதால், உங்கள் நிலையங்கள் அதில் விடும் மாசைப் பின்னாளில் பிரித்தறிய உதவும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதுகிறேன்.

கண்டத்தின் உட்பகுதியில் விழும் பனியைப் போலச் சுத்தமான தண்ணீர் இயற்கையில் கிடைப்பது அரிது. சோடியம், சல்ஃபேட் போன்றவை அதில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு இருக்கும். மிஞ்சிப் போனால் நூறு பங்கை ஒட்டி இருக்கும். ஈயத்தின் அளவு அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஒரு கிராம் பனியில் சில பிக்கோகிராம், அதாவது லட்சம் கோடியில் சில பங்கு. இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால்தான் ஒவ்வொன்றையும் பார்த்து 'நீ எங்கிருந்து வந்தாய்' என்று கேட்க முடிகிறது.

சோடியமும் குளோரைடும் கடல் உப்பு. சல்ஃபேட்டில் பெரும்பகுதி, கடலில் மிதக்கும் நுண்பாசிகள் விடும் டைமெத்தில் சல்ஃபைடு வாயுவிலிருந்து வருகிறது. அதே வாயுதான் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலத்தையும் தருகிறது. 1815இல் தம்போரா எரிமலையும் 1991இல் பினதூபோ எரிமலையும் வெடித்தபோது சல்ஃபேட் திடீரென்று ஏறியது பனியில் அப்படியே பதிவாகியிருக்கிறது. கால்சியமும் அலுமினியமும் தொலைதூர நிலங்களின் தூசு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் தனி அடுக்காகவே கிடக்கிறது. எத்தனை ஆண்டுப் பனி என்று எண்ணும்போது அதை ஒரு மைல்கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வு இன்னும் வியப்பானது. அண்டார்டிகாவில் ஜெர்மனியின் கோனன் நிலையம் அருகே எடுத்த சுமார் 500 கிலோ பனியை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் உருக்கி, அதில் இரும்பு-60 அணுக்களைக் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது உருவாகும் ஐசோடோப்பு அது, அதாவது இரும்பின் எடை மாறிய அணுவகை. பனியோ இருபது ஆண்டுகளுக்கு உட்பட்டது, ஆகவே அந்த நட்சத்திரத் தூசு அண்மையில்தான் விழுந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஈயத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் கோரிக்கை அதிலிருந்துதான் பிறக்கிறது. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கணித்த கிளேர் பாட்டர்சன், பின்னர் துருவப் பனியில் ஈயத்தைத் தேடினார். கிரீன்லாந்துப் பனியில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவரும் உடன் உழைத்தவர்களும் 1969இல் காட்டினார்கள். அந்த வேலையில் அவர் மல்லுக்கட்டியது பனியோடு அல்ல, மனிதனோடு. கையுறை, பாட்டில், துளையிடும் கருவி, ஆய்வகக் காற்று என்று எல்லாவற்றிலும் பனியில் இருப்பதைவிட அதிக ஈயம் இருந்தது. தோண்டி எடுத்த பனி உருளைகளின் வெளிப்புறத்தை அடுக்கடுக்காகச் செதுக்கி எறிந்து, நடுவில் மிஞ்சியதை மட்டும் அளந்த பிறகுதான் நம்பத்தகுந்த எண்கள் கிடைத்தன. அதற்கு முன் அண்டார்டிகாவுக்குச் சொல்லப்பட்ட ஈய அளவுகள் பலவும் ஆய்வாளர்கள் தாங்களே கொண்டுபோன அழுக்கு என்று தெரியவந்தது.

அப்படிச் சுத்தமாக அளக்கக் கற்றுக்கொண்டதன் பலன் 2014இல் தெரிந்தது. கண்டத்தின் பல இடங்களிலிருந்து எடுத்த பனி உருளைகளை ஒப்பிட்டு, தொழிற்சாலை ஈயம் 1889 வாக்கிலேயே அண்டார்டிகாவை எட்டிவிட்டது என்று நிறுவினார்கள். அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தது 1911இல்! அந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத் தாதுவோடு பொருந்தியது. தாதுவின் ஐசோடோப்பு அளவுகள் கையில் இருந்ததால்தான் பனியில் இருந்த ஈயத்தின் ஊரைச் சொல்ல முடிந்தது.

இப்போது உங்கள் நிலையங்களுக்கு வருகிறேன். டீசல் ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன, விமானங்கள் இறங்குகின்றன. கடற்கரையிலிருந்து கான்கார்டியா நிலையத்துக்கு சுமார் 1,100 கிலோமீட்டரும் கடலோர மெக்மர்டோ நிலையத்திலிருந்து தென்துருவத்துக்கு சுமார் 1,600 கிலோமீட்டரும் டிராக்டர் வரிசைகள் போகின்றன. இவை இல்லாமல் ஆராய்ச்சி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நிலையங்களை மூடச் சொல்ல நான் வரவில்லை. உலகின் மற்ற பகுதிகளிலிருந்து வரும் மாசோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்று சிலர் சொல்வதும் மொத்த அளவில் சரிதான். ஆனால் பனியை அளப்பவருக்கு மொத்தம் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். ராஸ் தீவுப் பகுதியில் 19 இடங்களில் எடுத்த பனியில் லிட்டருக்குச் சராசரியாக 29 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருந்தன என்று 2022இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஸ்காட், மெக்மர்டோ நிலையங்களின் அருகில் மட்டும், தொலைவிலுள்ள இடங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. பாலிஸ்டைரீன் மணிகளையும் அதைப் போன்ற பொதி நிரப்பிகளையும் கொண்டுவரக் கூடாது என்று, அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் 1991 மாட்ரிட் நெறிமுறையில் எழுதி வைத்தவர்கள் நீங்கள். நம் ஆடைகளிலிருந்து உதிரும் இழைகளை அன்று யார் நினைத்தார்கள்?

நைட்ரேட் விஷயம் இன்னும் சிக்கலானது. பனியில் விழுந்த நைட்ரேட் அங்கேயே இருப்பதில்லை. வெயில் காலத்தில் புற ஊதாக் கதிர் அதை உடைத்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களாகத் திரும்பக் காற்றில் விட்டுவிடுகிறது. பனி குறைவாக விழும் டோம் சி போன்ற மேட்டுநிலங்களில் மேற்பரப்பில் இருக்கும் நைட்ரேட்டில் மிகச் சிறு பகுதியே சில பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மிஞ்சுகிறது. ஜெனரேட்டர் புகையிலும் அதே நைட்ரஜன் ஆக்சைடுகள்தான் இருக்கின்றன. பனி விட்டது எது, எஞ்சின் விட்டது எது? எந்த மாதம் எவ்வளவு எரிந்தது, புகைபோக்கி எங்கே இருந்தது, காற்று எப்பக்கம் வீசியது என்ற விவரம் இல்லாமல் யாராலும் பிரிக்க முடியாது.

அதனால் கேட்கிறேன். உடன்படிக்கையின்படி நீங்கள் ஆண்டுதோறும் ஒருவருக்கொருவர் தகவல் பரிமாறிக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு நிலையமும் மாதவாரியாக எரித்த எரிபொருளின் வகையும் அளவும், டிராக்டர் வரிசைகள் போன தடங்களின் ஆயத்தொலைவுகளும், விமானம் இறங்கிய நாட்களும் அதில் ஒரே வடிவத்தில், எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வரட்டும். இந்த விவரங்கள் நிலையக் குறிப்பேடுகளில் எப்படியும் எழுதப்படுபவைதானே. புதிதாக அளக்க வேண்டியது எதுவும் இல்லை.

அப்புறம், அதற்கும் மலிவான ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அனுப்பும் எரிபொருளிலும் மசகெண்ணெயிலும் ஒரு சிறு குப்பி எடுத்து, தேதி எழுதி, கெடாமல் வைத்துவிடுங்கள். அதன் உலோக விகிதங்களை இன்று அளக்க வேண்டியதுகூட இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் இந்தக் காலத்துப் பனியில் வனேடியமோ ஈயமோ சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டு குழம்பினால், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஏதாவது இருக்கும். புரோக்கன் ஹில்லில் தாது இருந்தது. நம் எஞ்சின்களுக்கு அப்படி எதுவும் தானாக மிஞ்சாது.

மூன்றாவது கோரிக்கை உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மாட்ரிட் நெறிமுறையின் ஐந்தாம் இணைப்பு, சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கத்தக்கவற்றைப் பட்டியலிடும்போது முதலாவதாகச் சொல்வது இதுதான்: மனிதத் தலையீடு இல்லாமல் காக்கப்படும் இடங்கள், பாதிக்கப்பட்ட இடங்களோடு பின்னாளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அறிவித்த பகுதிகளைப் பார்த்தால் பெரும்பாலானவை கடலோரத்தில் இருக்கின்றன. பறவைக் கூட்டங்களுக்காகவும், பாசிகளுக்காகவும், பழைய குடில்களுக்காகவும் அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் உயிர் எதுவும் இல்லாத, பார்க்கவும் ஒன்றுமில்லாத வெறும் பனிச் சமவெளிக்காகப் பேச ஆளில்லை. தென்துருவ நிலையத்தில் காற்று பெரும்பாலும் வரும் திசையில் ஒரு தூய காற்றுப் பகுதியை ஒதுக்கி வைத்திருப்பது நல்ல முன்மாதிரி. ஆனால் அது ஒரு நிலையத்தைச் சுற்றிய ஏற்பாடு. காற்று திசை மாறும் நாட்களில் அதற்குள்ளும் புகை போகும். எனக்கு வேண்டியது எந்த நிலையத்துக்கும் அருகில் இல்லாத, எந்தத் தடமும் குறுக்கே போகாத, பனிப்பொழிவு அதிகமான ஓரிடமும் குறைவான ஓரிடமும். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அங்கே அனுமதி கூடாது, என்னைப் போன்றவர்களுக்கு முதலில் கூடாது.

கிழக்கு அண்டார்டிகாவின் உட்பகுதியில் இன்னும் யாரும் வண்டி ஓட்டாத பரப்பு ஏராளமாக இருக்கிறது. இப்போது வரைபடத்தில் கோடு போட்டால் யாருடைய வேலையும் நிற்காது. அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் சுற்றுச்சூழல் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்றுக்கும் நேரம் இல்லையென்றால், எரிபொருள் குப்பியையாவது எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணளவு உலோகங்களை அளக்கும் ஒரு வேதியியலாளர்