அச்சாணிக்குக் கையெழுத்துப் போடுவது யார்?

சென்னையில் பொருட்காட்சிகளுக்கும் ராட்டினங்களுக்கும் அனுமதி வழங்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருமுனை மைதானத்துக்கு இந்த ஆண்டும் லாரிகள் வந்துவிட்டன. நேற்று மாலைவரை ஒன்பது. ராட்சத ராட்டினத்தின் இரும்பு ஆரங்களைக் கரும்புக் கட்டு போல அடுக்கிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. அதன் அண்ணன் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் குதித்தான். இரண்டுமே நியாயமான எதிர்வினைகள் என்று நினைக்கிறேன்.

பொருட்காட்சியை மூடச் சொல்லி எழுதும் மனு அல்ல இது. தீவுத்திடல் சுற்றுலாப் பொருட்காட்சிக்கு என் பிள்ளைகளைத் தோளில் சுமந்து போனவன் நான். மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளத்தை ஆளுக்கொரு பக்கமாகக் கடித்துக்கொண்டே மரணக் கிணற்றின் படியேறியிருக்கிறோம். (அந்த அப்பளத்துக்கும் டெல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) ராட்டினம் சுற்றட்டும். யார் பார்த்து, எதைப் பார்த்துச் சுற்றவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதைக் கேட்க எனக்கு ஒரு தகுதி உண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆய்வுப் பிரிவில். வெல்டிங் செய்தவர் வீட்டுக்குப் போன பிறகு, அந்த வெல்டிங்கின் மேல் டார்ச் அடித்துக் குனிந்து நின்றதுதான் என் பிழைப்பு. பழக்கதோஷம், மைதானத்தில் ராட்டினம் பூட்டும்போதெல்லாம் வேலியோரம் போய் நின்றுவிடுகிறேன்.

கடந்த ஆண்டு நின்றபோது கண்டதைச் சொல்கிறேன். ஆரமும் வளையமும் சேரும் மூட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பின் செருகுவார்கள். அது கழன்று வராமலிருக்க அதன் நுனித் துளையில் ஒரு ஸ்பிலிட் பின் போட்டு, இரண்டு கால்களையும் விரித்து மடக்கவேண்டும். ஸ்பிலிட் பின் என்பது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சின்ன இரும்பு. விலை சில ரூபாய்கள்தான். வளையத்தைத் தூக்குவதற்கு முன் என் கைக்கெட்டிய உயரத்தில் பன்னிரண்டு மூட்டுகள் இருந்தன. ஐந்தில் முறையான ஸ்பிலிட் பின். நான்கில் கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி. இரண்டில் வளைத்த ஆணி. ஒன்றில் எதுவுமில்லை, வெறும் துளை.

தலைமை மிஸ்திரி பீகாரிலிருந்து வந்தவர். ரயில்வே எனக்குக் கற்றுத் தந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். போன ஊரில் பிரித்து ஏற்றும்போது ஒரு பை தொலைந்துவிட்டது, முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், வரும் என்றார். பொய் சொல்லும் முகமில்லை அது. தொலைந்த பைக்காகத் திறப்பு விழாவைத் தள்ளிப்போட அவருக்கு அதிகாரமில்லை, அவ்வளவுதான். மறுநாள் நானே பாரிமுனைக்குப் போய் ஒரு கிலோ வாங்கிவந்து கொடுத்தேன். இருவரும் டீ குடித்தோம். அந்த ஆண்டு அந்த ராட்டினத்துக்குக் கிடைத்த ஒரே ஆய்வு அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அனுமதிக் கோப்பின் நகல்களை வாங்கினேன். ஐந்து தாள்கள். மின் இணைப்புக்கு ஒன்று, தீத்தடுப்புக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, கழிப்பறைக்கும் குப்பைக்கும் சேர்த்து ஒன்று. ஐந்தாவது கட்டமைப்பு உறுதிச் சான்று. அதில் "நுழைவு வளைவு, கடைகள், ராட்டினங்கள் உள்ளிட்ட தற்காலிக அமைப்புகள் உறுதியாக உள்ளன" என்று ஒரே வரி. தாளின் தேதி அந்த மாதம் 19. ராட்டினம் எழுந்து நின்றது 22-ஆம் தேதி. லாரியில் படுத்திருந்த ராட்டினம் உறுதியாக நிற்கிறது என்று ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

தேதியில் பிழை நேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சரியான தேதி போட்டிருந்தாலும் அந்தச் சான்று போதாது. நுழைவு வளைவு ஓரிடத்தில் நிற்கிறது. காற்றடித்தால் சாயாமலிருந்தால் போதும். ராட்டினம் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் ஆரமும் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அமுங்குகிறது. ஒரு மாலைக்கு ஐந்நூறு சுற்று என்று வைத்தால், நாற்பது நாள் பொருட்காட்சியில் இருபதாயிரம் முறை. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடித்த எவருக்கும் இது புரியும்: ஒரே இழுப்பில் அறாத கம்பி, பத்தாவது மடக்கில் அறுந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் நல்ல நிலையிலேயே திடீர் திடீரென்று ஒடிந்தபோது, ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான். திரும்பத் திரும்ப வரும் சின்ன பாரமும் இரும்பைக் கொல்லும். ரயில் நிலையத்தில் வண்டி நின்றதும் ஒருவர் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவதை வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஓசை மாறினால் எங்கோ விரிசல். இன்று அச்சுகளை மீயொலி வைத்துச் சோதிக்கிறார்கள்.

ஊர் ஊராகப் போகும் ராட்டினத்துக்கு இதிலும் ஒரு கூடுதல் கேடு உண்டு. ஒவ்வோர் ஊரிலும் பூட்டிப் பிரிக்கும்போது பின் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகின்றன. வட்டத் துளையில் ஆடாத பின், நீள்வட்டத்தில் 'டக்' என்று அடிக்கும். வேலியோரம் நின்று காது கொடுத்தாலே அது கேட்கும். சென்னைக் கடற்காற்றின் உப்பு, பெயின்டுக்கு அடியில் புகுந்து மீதி வேலையைப் பார்க்கிறது. புதுப் பெயின்ட் அடித்த வெல்டிங்கைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

விரிசலைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. பெயின்டைச் சுரண்டி, துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடவேண்டும். பிறகு மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளை மருந்தைப் பனிபோல அடிக்கவேண்டும். விரிசல் இருந்தால், உள்ளே போன சாயம் ஊறி மேலே வந்து, வெள்ளையில் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு எழும். முதல்முறை பார்த்தபோது எனக்கு வயது முப்பது கடந்திருந்தது, உடம்பு சில்லிட்டது. அந்தப் பெட்டியை ஒருநாள் முன்பு வரை நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இப்போது ஒரு ராத்திரியைப் பற்றி. கடந்த மே மாதம், ஒரு ஞாயிறு, ஒன்பதே கால் இருக்கும். ஜெனரேட்டர் நின்றது. விளக்கு, பாட்டு, ராட்டினம் எல்லாம் ஒன்றாய் நின்றன. எங்கள் மொட்டைமாடிக்கு நேர் எதிரே, சற்று மேலே, ஒரு தொட்டியில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். சின்னவன் எழுந்து நிற்கப் பார்க்க, அந்த அம்மா அவனை இரண்டு தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். ஓட்டுநர் எங்கே என்று தேடினால், அவர் டிக்கெட் மேசையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து சேருவதற்குள் நான்கு பையன்கள் வெறுங்காலுடன் ஆரங்களில் ஏறிவிட்டார்கள். தங்கள் உடல் எடையால் வளையத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒவ்வொரு தொட்டியாகக் கீழே கொண்டுவந்தார்கள். ஐம்பது நிமிடம் ஆனது. கயிறில்லை, இடுப்புப் பட்டையில்லை. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், தட்டிவிட்டு வெட்கப்பட்டேன். அந்த நால்வரில் மூத்தவனுக்கு இருபது வயதிருந்தால் அதிகம்.

ராட்டினம் பாதியில் நிற்பதெல்லாம் அதிசயமல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2025 மே மாத இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணி கொண்டுவந்துதான் மணிக்கணக்கில் ஒவ்வொருவராக இறக்கினார்கள். நிரந்தரமான பூங்காவிலேயே இப்படி என்றால், நாற்பது நாள் கூடாரத்தில் என்ன ஏற்பாடு என்று எவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். எங்கள் தெருவின் அகலம் பதினெட்டு அடி. அதில் பாதியைப் பைக்குகள் அடைத்திருந்தன. ஏணி வண்டி வந்திருந்தால் எங்கே நுழைந்திருக்கும்?

வெளியூர் உதாரணங்களும் உண்டு. 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் போல ஆடும் ராட்டினத்தின் தண்டு ஒடிந்து இருவர் இறந்தார்கள். 2024 மே மாதம் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கு தீப்பிடித்து 27 பேர் போனார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றே இல்லாமல் அது நடந்துவந்தது. அங்கே தாள் இல்லை. இங்கே ஐந்து தாள் இருக்கிறது, அச்சாணியைப் பற்றி ஒன்றிலும் ஒரு சொல் இல்லை.

தெரியாத விஷயமுமல்ல இது. ராட்டினங்களுக்கென்றே ஐ.எஸ். 15475 என்ற எண்ணில் இந்தியத் தரம் இருக்கிறது. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 17842 மூன்று பகுதிகளாக இருக்கிறது: வடிவமைப்பு, இயக்கம், ஆய்வு. ஆனால் தர நிர்ணயம் அச்சடித்துவிட்டால் தானாக மைதானத்துக்கு நடந்து வந்துவிடாது. அனுமதி தருபவர், "இதன்படி ஆய்வு செய்த தாளைக் காட்டு" என்று நிபந்தனை போட்டால்தான் வரும். அந்த நிபந்தனை உங்கள் பேனாவில் இருக்கிறது. நம்மூர்ப் பொது இடங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் 1888-இல் வந்தது. அன்றைக்குச் சென்னைக்கு வந்த ராட்டினம் மரத்தாலானது, மனிதன் கையால் சுற்றியது.

ஆகவே கேட்கிறேன். ஆய்வு ராட்டினம் பூட்டி முடித்த பிறகு, அதே மண்ணில், மணல் மூட்டைகளை ஏற்றிச் சுழற்றிப் பார்த்து நடக்கட்டும். எங்கள் மைதானம் பழைய ஏரிப் பூமி; கோடை மழை ஒன்று பெய்தால் களிமண் உப்பும், வெயிலில் வெடிக்கும். ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் அண்டை கொடுத்திருப்பதோ பழைய ரயில் கட்டைகள். (எனக்கு அடையாளம் தெரியாதா?) ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மட்டம் பார்க்காமல் ஓட்டக்கூடாது. பின்களையும் வெல்டிங்கையும் சோதித்த தேதியும், சோதித்தவர் பெயரும், தமிழில், டிக்கெட் கவுன்டரில் விலைப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவேண்டும். கைப்பிடியில் இருப்பவர் சில்லறை எண்ணக்கூடாது. மின்சாரம் போனால் இறக்குவதற்கு ஒரு கை இயந்திரம் வேண்டும். ஏறுகிற பையன்களுக்கு இடுப்புப் பட்டை வேண்டும். இதில் எதற்கும் கோடி ரூபாய் ஆகாது.

செலவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் ஒரு பெரிய பூங்கா திறந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்த ரோலர் கோஸ்டர் இருக்கிறது. திறந்தபோது நுழைவுச்சீட்டு ஏறக்குறைய 1,500 ரூபாய். அங்கே சொந்தமாகப் பொறியாளர்கள் இருப்பார்கள். எங்கள் மைதானத்தில் ராட்டினம் 80 ரூபாய். வீட்டு வேலை செய்பவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவது இங்கேதான். 80 ரூபாய்க்கு ஸ்பிலிட் பின் கிடையாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

ஒலியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, என் மனைவி எழுதச் சொன்னாலும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45, பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எங்கள் சமையலறைச் சுவருக்கும் ஜெனரேட்டருக்கும் பதினான்கு அடி. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நாற்பது நாளும் தாளம் போடுகின்றன. ஜெனரேட்டரை மைதானத்தின் அந்தப் பக்கம், சாலையோரமாக வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் பாட்டைப் பொறுத்துக்கொள்கிறோம்.

இன்று காலையும் வேலியோரம் போனேன். அதே மிஸ்திரி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். போன ஆண்டு வாங்கிக் கொடுத்த ஸ்பிலிட் பின்கள். பாதி மிச்சமிருக்கிறது, துரு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வளையம் வியாழன் மாலைதான் எழும் என்கிறார். நீங்கள் ஓர் ஆளை அனுப்புவதென்றால் வியாழன் இரவு அனுப்புங்கள். சாயம், மருந்து, துடைக்கும் துணி மூன்றும் என்னிடம் இருக்கின்றன. டார்ச் நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மைதானத்தை ஒட்டிய நான்காவது வீட்டுக்காரன்