அவன் பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறான்: மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

11 ஆண்டுகளாக மனச்சிதைவு நோயுடன் வாழும் என் தம்பியை மாதந்தோறும் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வருபவள் நான். காதில் குரல் கேட்கிறதா, தூங்குகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்லிவிடுவதால், அதே மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அவன் பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறான் என்று எவரும் கேட்டதில்லை.

போன வாரம் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றவன், முகத்தில் பூசிய நுரை காய்ந்து இறுகும் வரை அப்படியே நின்றிருந்தான். "ரேசரை எடுப்பா" என்றதும் எடுத்து, ஒழுங்காக மழித்து முடித்தான். செய்யத் தெரியாமல் இல்லை. தொடங்கும் உந்துதல்தான் எழவில்லை. உறவினர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித் திட்டியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, மனிதரைவிட்டு ஒதுங்குவது போன்ற எதிர்மறை அறிகுறிகள், குரல்களை அடக்கும் மாத்திரைகளுக்கு அவ்வளவாக அடங்குவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் மருந்தின் அளவு கூடியதால் வரும் மந்தமும் கைகால் இறுக்கமும், கண்டறியப்படாத மனச்சோர்வும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். அவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. 2017இல் வெளியான 26 வார ஆய்வொன்றில், ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைவிடக் காரிப்பிரசின் என்ற மருந்து இவ்வறிகுறிகளைக் கூடுதலாகக் குறைத்தது. அது அவனுக்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீட்டைப் புதுப்பிக்கும் முன் ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மருந்தோடு பயிற்சியும் வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் (மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை) போன்ற அமைப்புகள் மறுவாழ்வையும் சிகிச்சையின் பகுதியாகவே நடத்துகின்றன; மாவட்டங்களில் இருக்கும் எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் ஒரு பகல்நேர மையமாவது வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மதிப்பீடு தன்பராமரிப்பு, உறவாடல், தொடர்புகொள்ளல், வேலை ஆகிய நான்கையும் அளக்கிறது. இந்த நோய் ஓசையின்றி அரிக்கும் இடங்களும் அவையே. எனினும் சென்ற முறை, "அமைதியாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லி அவனுக்குச் சலுகைகள் பெறத் தேவையான 40 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எழுதினார்கள்.

அடுத்த மாதம் வரும்போது, என்ன செய்கிறாய் என்று தயவுசெய்து அவனிடமே கேளுங்கள். பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதுவரை என் பக்கம் திரும்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா