கரையில் கல் பதிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சங்கரபதிக் காட்டை ஒட்டிய எங்கள் ஓடைக்கரையில் நடைபாதை போட்டுப் பூங்கா அமைக்க வேண்டும் என்று காலை நடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நடக்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. காரைக்குடியில் நிழலில் நடக்க வழியின்றிச் சாலையோரம் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறோம். ஆனால் பேவர் பிளாக், சிமெண்ட் சுவர், வரிசையாக விளக்குகள் என்று பேச்சு போகும்போது மனம் பதறுகிறது.

போன பங்குனியில் பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். வெள்ளம் அறுத்ததால் கரை செங்குத்தாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அதில் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். "பாம்புப் பொந்தா, ஐயா?" என்று கேட்டாள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். பச்சை நிறத்தில், வாலில் ஊசிபோல இரண்டு இறகுகள் நீண்ட பஞ்சுருட்டான் பறவை ஒன்று, வாயில் தட்டானைக் கவ்வியபடி வந்து அந்தத் துளைக்குள் நுழைந்தது. மண்ணைக் குடைந்துதான் அது குஞ்சு பொரிக்கிறது. மீன்கொத்தியும் அப்படித்தான். 'சரிகிற கரை' என்று அங்கே சுவர் எழுப்பினால், ஒரே நாளில் அத்தனை கூடுகளையும் அடைத்துவிடுவோம்.

நம் ஓடைகளில் ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் வெறும் மணல். அதனால்தான் பலரும் அதைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து, கோழிக்கழிவு மூட்டைகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆனால் அந்த மணலில் இறங்கும் நீர்தான் நம் கிணறுகளுக்கும், ஓடையில் ஓடிவரும் நீர்தான் நம் கண்மாய்களுக்கும் ஆதாரம்.

பாதை ஒரு கரையில் மட்டும் போதும். மறுகரை பறவைகளுக்கு இருக்கட்டும். மண்ணை இறுக்கினாலே நடக்கலாம், கல் வேண்டாம். வயதானவர்கள் உட்கார நான்கு திண்ணைகளும், பெண்களுக்கான கழிப்பறையும் காட்டுக்கு வெளியே, நுழைவிடத்தில் அமையட்டும். இரவில் விளக்கு வேண்டவே வேண்டாம். கூடு வைக்கும் பங்குனி முதல் ஆனி வரை அந்தச் செங்குத்துக் கரைப்பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்ட வேண்டும். சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் வைத்து ஒரே மூச்சில் பிடுங்கினால் கரையும் சேர்ந்து பெயரும். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் நீர்மருது, புங்கன், நொச்சி நட வேண்டும்.

இதற்கெல்லாம் முன், அங்கே என்ன வாழ்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் இந்த ஓடை ஒரு பக்கமாவது இடம்பெற்ற பிறகே பூங்காவுக்குச் செலவு மதிப்பீடு போடட்டும். கயிறு கட்டினால் மக்கள் கேட்பார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் சிவகங்கை மாவட்டத்தில், 1977இல் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியைப் பாருங்கள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவர்களும் நம் சீமைக்காரர்கள்தானே!

திட்டம் தீட்டும் அதிகாரிகள் யார் வந்தாலும் அந்தக் கரையைக் காட்ட நான் தயார். பங்குனியில், காலை ஆறரை மணிக்கு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.